வழக்கமான கப்பலை விட்டு வேறு கம்பனி: பெப்ரவரியில் 4 இரவு, எதில் போகலாம்?

மார்க்கம்வாசி (அக்டோபர் 14)

எல்லோருக்கும் வணக்கம். ஏழு வருடத்தில் ஐந்து தடவை குரூஸ் போய்விட்டோம். ஐந்தும் ஒரே கம்பனி. பெயர் வேண்டாம், நல்ல நாட்களும் தந்த கம்பனிதான். ஆனால் கடைசித் தடவை சலித்துவிட்டது. ஏறிய நேரம் முதல் மூலைக்கு மூலை ஒருவர் நின்று எதையாவது விற்கிறார்: டிரிங்க் பக்கேஜ், படம், ஸ்பா, மணிக்கூடு. மூன்றாம் நாள் மகன் "அப்பா, இது பசிஃபிக் மோல் மாதிரி இருக்கு" என்றான்.

இந்தமுறை ஃபமிலி டே நீண்ட வார இறுதியை ஒட்டி, புளோரிடாவிலிருந்து 4 இரவு, வேறு கம்பனியில் போய்ப் பார்க்கலாம் என்று யோசனை. நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, மகள் 13, மகன் 8, அம்மா 71. அம்மாவுக்கு முழங்கால் பிரச்சினை, சுத்த சைவம். எனக்குத் தேவை ஜக்கெட் இல்லாமல் நிற்கக்கூடிய நாலு நாள், அவ்வளவுதான். எம்எஸ்சி, செலிப்ரிட்டி, நார்வீஜியன், கார்னிவல் எல்லாம் பார்த்துப் பார்த்துக் குழம்பிவிட்டேன்.

கடற்காகம் (அக்டோபர் 14)

தம்பி, கம்பனியைப் பிறகு பார்ப்போம், முதலில் திகதியைப் பாருங்கள். ஒன்ராறியோவில் ஃபமிலி டே பெப்ரவரி மூன்றாம் திங்கள். அதே திங்கள்தான் அமெரிக்காவில் பிரசிடென்ட்ஸ் டே. அங்கேயும் நிறையப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு. அந்த வாரம் விலையும் ஏறும், கப்பல் முழுக்கப் பிள்ளைகளாகவும் இருக்கும். ஒரு வாரம் முன்னுக்குத் தள்ள முடியுமென்றால் தள்ளுங்கள். பிள்ளைகள் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் உலகம் முடிந்துவிடாது.

அடுத்தது சூடு. 4 இரவில் கப்பல் பெரும்பாலும் பஹாமாஸ்தான் போகும். பெப்ரவரியில் பஹாமாஸ் தலைநகர் நாசோவில் பகல் 25 பாகை வரும், கடல் 23, 24. எங்களுக்கு அது சொர்க்கம். ஆனால் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கினால் ஒரு நாள், இரண்டு நாள் ஸ்வெட்டர் போட்டுத்தான் கரையில் நிற்க வேண்டும். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், சோளகம் (தெற்குக் காற்று) அடித்துக்கொண்டிருக்கும், திடீரென்று கச்சானாகும் (மேற்குக் காற்று), அப்புறம் வாடை (வடக்குக் காற்று). புளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் நடுவே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வாடை அதற்கு எதிரே அடித்தால் அலை குத்தென்று எழும். அன்றைக்கு அம்மாவுக்கு இஞ்சி கைவசம் இருக்கட்டும். அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் எடுங்கள். உயரத்தில் பால்கனி எடுத்துவிட்டு ஆடுகிறது என்று அழுகிறவர்கள் பலர்.

எங்களுக்கே இரண்டு வருடத்துக்கு முன் ஜனவரியில் அதுதான் நடந்தது. தீவு கண்ணுக்குத் தெரிகிறது, குடைகள் தெரிகின்றன, கப்பல் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டது. காற்றில் கட்ட முடியாது என்று கப்டன் சொன்னார். அது சரியான முடிவுதான். ஆனால் அந்தத் தீவுக்காகவே அந்தப் பயணத்தை எடுத்த எங்களுக்குப் பகல் முழுக்க பிங்கோ.

தாம்பா மாமி (அக்டோபர் 15)

கடற்காகம் அண்ணா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். தயவு செய்து முதல் நாளே விமானத்தில் வந்து இறங்குங்கள். என் அண்ணன் பையன் நியூஜெர்சியிலிருந்து கப்பல் கிளம்பும் அன்றைக்குக் காலையில் விமானம் ஏறினான். பனி. நாலு மணி நேரம் ரன்வேயிலேயே உட்கார்ந்திருந்தானாம். அவன் துறைமுகத்துக்கு வந்தபோது கப்பல் நடுக்கடலில். பணமும் போச்சு, பெண்டாட்டியும் ஒரு வாரம் பேசவில்லை.

ஃபோர்ட் லாடர்டேல் என்றால் விமான நிலையமும் போர்ட் எவர்கிளேட்ஸும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி, டாக்சியில் பத்து நிமிஷம். மயாமியும் பரவாயில்லை. போர்ட் கனாவெரல் என்றால் ஒர்லாண்டோவில் இறங்கி முக்கால் மணி நேரம் சாலையில் போகணும். வயசானவர்களோடு வரும்போது இதெல்லாம் கப்பல் பெயரை விடப் பெரிய விஷயம்.

டல்லாஸ் குமரன் (அக்டோபர் 15)

எல்லாரும் பஹாமாஸ் பஹாமாஸ் என்கிறீர்களே, டெக்சாஸில் கால்வெஸ்டன் பக்கம் வாருங்கள். 4, 5 இரவில் மெக்சிகோவின் கோசுமெல் தீவுக்குப் போகலாம். பிப்ரவரியில் அங்கே தண்ணீர் பஹாமாஸை விட இரண்டு டிகிரி கூடவே இருக்கும். கார்னிவல்தான் எங்கள் வீட்டுக் கப்பல். சத்தம் ஜாஸ்தி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் நாள் ராத்திரியே மெய்ன் டைனிங் ரூமில் மேட்ரே டியிடம் (அங்கே பரிமாறுகிறவர்களுக்குத் தலைவர்) சொல்லி வைத்தால் மறுநாள் தனியாக இந்தியச் சைவச் சாப்பாடு சமைத்துத் தருவார்கள். சப்பாத்தி, பருப்பு, ஒரு பொரியல். மெனுவில் இருக்காது, கேட்டால்தான் வரும்.

ஒரே குறை, ஜனவரி பிப்ரவரியில் கால்வெஸ்டனில் மூடுபனி. துறைமுகத்தையே மூடிவிடுவார்கள், கப்பல் வெளியே காத்து நிற்கும்.

மார்க்கம்வாசி (அக்டோபர் 15)

நன்றி எல்லோருக்கும். திகதி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. மனைவியிடம் சொன்னேன், "அதைத்தானே நானும் சொன்னேன்" என்கிறா. (சொல்லவில்லை.)

குமரன், டெக்சாஸ் எங்களுக்குத் தூரம். ரொறன்ரோவிலிருந்து நேரடி விமானம் புளோரிடாவுக்குத்தான் தாராளம். எனக்கு ஒரு சந்தேகம்: ஏன் எல்லாக் குறுகிய பயணமும் நாசோவையே தொட்டுவிட்டு வருகிறது? நாங்கள் நாலு தடவை பார்த்தாயிற்று. அங்கே எல்லோரும் பார்க்கப் போகிற அந்த 66 படி ராணிப் படிக்கட்டை அம்மாவால் ஏற முடியாது.

கடற்காகம் (அக்டோபர் 16)

சட்டம் தம்பி, 1886ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றி இறக்க அமெரிக்காவில் கட்டி, அமெரிக்கக் கொடி போட்ட கப்பல்தான் வேண்டும். இந்தப் பெரிய கப்பல்கள் அநேகமாக பஹாமாஸ், பனாமா, மால்டா கொடியில்தான் ஓடுகின்றன. அதனால் மயாமியில் ஏற்றி மயாமியிலேயே இறக்குவதென்றால் நடுவே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டே ஆக வேண்டும். 3, 4 இரவில் எட்டக்கூடிய வெளிநாடு எது? பஹாமாஸ். கம்பனிகள் தங்களுக்கென்று தீவு வைத்திருப்பதற்கும் அது வசதி. அதுவும் பஹாமாஸ் மண்தான், கணக்கில் வந்துவிடும். காசும் தங்கள் கல்லாவிலேயே விழும்.

ஆகவே நீங்கள் தேர்ந்தெடுப்பது பாதி கப்பல், பாதி தீவு. ராயல் கரீபியனுக்கு கோகோகே, 2019 மே மாதம் புதுப்பித்துத் திறந்தது. பெரிய நன்னீர்க் குளமும் சாப்பாடும் டிக்கெட்டில் சேர்த்தி. நீர்ச்சறுக்குப் பூங்கா தனிக் காசு, அதுவும் கொஞ்சக் காசல்ல. எம்எஸ்சிக்கு ஓஷன் கே, அதே வருடம் டிசம்பரில் திறந்தது. முன்பு மண் அள்ளித் தொழில் நடந்த இடம், அதைச் சுத்தமாக்கித் தீவாக்கியிருக்கிறார்கள். அங்கே சறுக்கும் இல்லை, இராட்டினமும் இல்லை. வெறும் கடற்கரை, ஒரு வெளிச்சவீடு. பல பயணங்களில் கப்பல் இருட்டிய பிறகும் அங்கேயே நிற்கும். இராத்திரி மணலில் நடக்க விடுகிற குரூஸ் தீவு அதிகம் இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. கார்னிவலின் செலிப்ரேஷன் கீ 2025 ஜூலையில் கிராண்ட் பஹாமாவில் திறந்தது, நான் இன்னும் போகவில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு ஒரே கேள்வி: கப்பல் துறைமேடையில் கட்டுமா, அல்லது சின்னப் படகில் இறங்கிப் போக வேண்டுமா? நான் சொன்ன மூன்றிலும் துறைமேடை உண்டு. படகில் இறங்கும் இடம் என்றால், அலை இருக்கிற நாளில் அம்மா கப்பலிலேயே இருந்துவிடுவா.

இரவுப்பறவை (அக்டோபர் 16)

பிள்ளைகளை பாட்டியிடம் விட்டுவிட்டு நீங்கள் இருவர் மட்டும் போவதென்றால் வர்ஜின் வாயேஜஸ். 18 வயதுக்குக் கீழே யாரும் ஏற முடியாது. பஃபேயே கிடையாது, ஏழெட்டு உணவகம், எல்லாம் டிக்கெட்டில் அடங்கும். சும்மா சொல்லி வைக்கிறேன்.

மார்க்கம்வாசி (அக்டோபர் 16)

மனைவி உங்கள் பதிவை மூன்று தடவை வாசித்துவிட்டா. இப்படியெல்லாம் எழுதாதீர்கள்.

மௌனவாசகி (அக்டோபர் 18)

வாசித்துவிட்டுப் போகிறவள் நான், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். என் கணவருக்கு கனடா பிஆர் (நிரந்தர வதிவுரிமை) மட்டும்தான், கடவுச்சீட்டு இலங்கை. அவர் இப்படிப் போக முடியுமா? எனக்குக் குடியுரிமை இருக்கிறது.

கடற்காகம் (அக்டோபர் 18)

தங்கச்சி, உங்களுக்குக் கனடாக் கடவுச்சீட்டு போதும். அவருக்கு அமெரிக்க விசா வேண்டும், அதுவும் பலமுறை நுழையும் விசா. ஏனென்றால் புளோரிடாவுக்குள் ஒரு தடவை நுழைகிறார், பஹாமாஸ் போய்விட்டு மறுபடியும் நுழைகிறார். ஒருமுறை விசா என்றால் திரும்பி வரும்போது துறைமுகத்திலேயே சிக்கல். திரும்ப ரொறன்ரோ விமானம் ஏற பிஆர் கார்டும் கையில் இருக்க வேண்டும், காலாவதித் திகதியைப் பாருங்கள். பஹாமாஸ் பக்கத்து நிபந்தனையை அவர் கடவுச்சீட்டின் நாட்டைச் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலேயே அமெரிக்கக் குடிவரவு முடிந்துவிடும், ஆகவே கூடுதல் நேரம் வைத்துப் போங்கள்.

"அமெரிக்கர் வெறும் பிறப்புச் சான்றிதழோடு போகிறார்களே" என்று யாராவது சொன்னால், அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். நமக்கில்லை.

தாம்பா மாமி (அக்டோபர் 19)

சரி, கம்பெனிக்கு வருவோம், இழை அதற்குத்தானே. மார்க்கம்வாசி, உங்கள் பழைய கம்பெனி எது என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். ராயல் கரீபியனும் செலிப்ரிட்டியும் ஒரே குழுமம். கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா எல்லாம் ஒரே கூரை. நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜன்ட் ஒரு கூட்டம். எம்எஸ்சி மட்டும் ஜெனீவாவில் இருக்கிற ஒரு குடும்பத்தின் சொத்து. சித்தப்பா வீட்டுக்குப் போகிறீர்களா, வேற்று ஊருக்கே போகிறீர்களா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சித்தப்பா வீடு என்றால், அடிக்கடி போனதற்குப் பழைய கம்பெனி தந்த பாயிண்ட் அந்தஸ்தை அங்கேயும் மதிக்கக்கூடும், ராயல் கரீபியனும் செலிப்ரிட்டியும் அப்படித்தான். எம்எஸ்சியும் மற்றக் கம்பெனி அந்தஸ்தைக் காட்டினால் தங்கள் கணக்கில் ஒப்பிட்டு ஒரு படி தருகிறது. விதி அவ்வப்போது மாறும், டிக்கெட் எடுக்கும் முன் விண்ணப்பியுங்கள்.

எனக்குப் பிடித்தது செலிப்ரிட்டி. குறுகிய பயணத்துக்கு லாடர்டேலிலிருந்து ரிஃப்ளெக்ஷன் போகிறது. 2012 கப்பல், நடுத்தர அளவு. பஃபேயில் அநேகமாகத் தினமும் ஒரு இந்தியக் கறி, சோறு, அப்பளம் இருக்கும். எம்எஸ்சியில் பீட்சா பிரமாதம், பாஸ்தா பிரமாதம், சோறும் குழம்பும் எதிர்பார்த்துப் போகக்கூடாது. நாலு நாள்தானே என்று நினைப்போம். என் மாமியார் இரண்டாம் நாள் மதியமே தயிர்சாதம் கேட்டுவிட்டார்.

ஆனால் உங்கள் 8 வயசுப் பையன்? செலிப்ரிட்டியில் நீர்ச்சறுக்கு கிடையாது. குழந்தைகள் கிளப் உண்டு, அவ்வளவுதான். அவனுக்கு எம்எஸ்சியோ கார்னிவலோதான் கொண்டாட்டம்.

டல்லாஸ் குமரன் (அக்டோபர் 19)

3, 4 ராத்திரிப் பயணத்தை வைத்து ஒரு கம்பெனியை எடை போடக்கூடாது என்பது என் கட்சி. குறுகிய பயணத்துக்கு வருகிற கூட்டமே வேறு. வெள்ளிக்கிழமை ஏறித் திங்கள் இறங்குகிறவர்கள் தூங்க வருவதில்லை. முன்பெல்லாம் இதற்குப் பழைய கப்பலைத்தான் விடுவார்கள். இப்போதுதான் ராயல் கரீபியனின் யுடோபியா மாதிரி 2024இல் வந்த ராட்சதனையே 3, 4 ராத்திரிக்கு விடுகிறார்கள். திங்கள் ஏறி வெள்ளி இறங்குகிற 4 ராத்திரியை எடுங்கள். அதே கப்பல், வேறு ஊர் மாதிரி இருக்கும்.

கடற்காகம் (அக்டோபர் 20)

குமரன் சொன்னதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: திங்கள் முதல் வெள்ளி. இந்த இழையில் இதுவரை சொன்னதில் அதுதான் பெறுமதியானது, என்னுடையதையும் சேர்த்து.

இனிக் காசுக் கணக்கு. விளம்பர விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெரும்பாலான கம்பனிகளில் டிப்ஸ் ஆளுக்கு நாளுக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் தானாகவே கணக்கில் ஏறும், பிள்ளைகளுக்கும் உண்டு. 18 என்று வைத்தாலே ஐந்து பேர், நாலு இரவு: 360 டாலர். டிக்கெட்டைக் கனடா டாலரில் கட்டியிருப்பீர்கள், கப்பலுக்குள் எல்லாம் அமெரிக்க டாலர். நம்முடைய கடனட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுப் பணத்துக்கு 2.5 சதவீதம் வேறு. டிரிங்க் பக்கேஜ் ஒரு ஆள் எடுத்தால் அதே அறையில் இருக்கிற மற்றப் பெரியவர்களும் எடுக்க வேண்டும் என்று பல கம்பனிகளில் விதி.

ஐந்து பேர் ஒரே அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வேண்டாம். இடையில் கதவு உள்ள இரண்டு அறை எடுங்கள். அம்மாவும் மகளும் ஒன்றில். அறைக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்ற விதி அம்மாவாலேயே நிறைவேறிவிடும்.

கைபேசியை ஏறியவுடனே ஏர்பிளேன் மோடில் போடுங்கள். கப்பலுக்கென்று ஒரு செல்போன் வலை இருக்கிறது, அது தானாகப் பிடித்துக்கொள்ளும். மூன்று வட்ஸ்அப் வீடியோவுக்கு எனக்கு வந்த பில்லில் ஜன்னல் இல்லாத உள்ளறை இன்னொன்று எடுத்திருக்கலாம்.

மார்க்கம்வாசி (நவம்பர் 2)

எடுத்துவிட்டோம். வாக்கெடுப்பு நடந்தது. மகன் எம்எஸ்சி, மகள் "எதுவானாலும் வைஃபை வேண்டும்", மனைவி வர்ஜின் (இரவுப்பறவை, நன்றி), அம்மா "பிள்ளைகள் போற இடம்". கடைசியில் செலிப்ரிட்டி, லாடர்டேல், திங்கள் முதல் வெள்ளி, ஃபமிலி டேக்கு ஒரு வாரம் முன். நாசோ இல்லாத பயணமாகப் பார்த்தேன். கீ வெஸ்ட், கோகோகே. இரண்டு அறை, ஏழாம் தட்டு, நடுப்பகுதி. ஞாயிறு காலையே விமானம்.

மகனுக்கு கோகோகே சறுக்குப் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்று சமாதானம். கம்பனியை மாற்றப் போய் அதே செலவு.

மார்க்கம்வாசி (பெப்ரவரி 21)

வந்து ஒரு வாரமாகிவிட்டது. வெளியே மைனஸ் 14. எழுதாமல் விட்டால் மறந்துவிடும்.

முதலில் தெரிந்த வித்தியாசம் சத்தம். ஒலிபெருக்கியில் அறிவிப்பு ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டுதான். முதல் நாள் பின்னேரம் மனைவி ஒரு கதிரையில் சாய்ந்தா, இரண்டு மணி நேரம் யாரும் எதையும் விற்க வரவில்லை. விற்பனை இல்லாமலில்லை, ஆனால் நாம் தேடிப் போக வேண்டியிருந்தது. எனக்கு அது போதும். அது மட்டுமே போதும் என்று கூடச் சொல்வேன்.

மகன் இரண்டாம் நாள் காலை கப்பல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து "இங்கே எல்லாரும் அப்பம்மா வயசு" என்றான். உண்மைதான். திங்கள் முதல் வெள்ளி எடுத்ததன் மறுபக்கம் இது, குமரன். மகள் கிளப்பில் மொன்றியல் பிள்ளை ஒருத்தியைப் பிடித்துக்கொண்டாள், பிறகு அவளைக் காணவே இல்லை.

கோகோகே அன்றைக்கு வெயில், ஆனால் முதல் நாள் இரவே காற்று திரும்பிவிட்டது. அம்மா பருத்தித்துறையில் பிறந்து வளர்ந்தவ. இரவுச் சாப்பாடு முடிந்து மேல்தட்டுக்குக் கூட்டிப் போனேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "வாடை விழுந்திட்டுது, விடியக் கடல் கொஞ்சம் எழும்பும்" என்றா. கப்டன் அதையே அரை மணி நேரம் கழித்து அறிவித்தார். இரவு நன்றாக ஆடியது. நடுத்தட்டில் இருந்ததால் எங்களுக்குத் தாலாட்டு. விடியக் கட்டிவிட்டார்கள், இறங்கினோம். தண்ணீர் குளிர். பிள்ளைகளுக்கு அது தெரியவே இல்லை, நான் கணுக்காலோடு நின்றுகொண்டேன். அம்மா மணலில் சால்வையோடு கதிரை போட்டு இருந்து மூன்று மணி நேரம் கடலைப் பார்த்தா. முப்பது வருடத்துக்குப் பிறகு இந்த நிறத்தில் கடல் பார்க்கிறாவாம்.

மறுபடி போவோமா? மனைவி ஆம். மகன் இல்லை. எம்எஸ்சி ஓஷன் கே ஏற்கெனவே அவன் டேப்லெட்டில் திறந்திருக்கிறது.

தாம்பா மாமி (பெப்ரவரி 21)

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே? அம்மா என்ன சாப்பிட்டார்? அதற்காகத்தானே நான் அவ்வளவு எழுதினேன்.

மார்க்கம்வாசி (பெப்ரவரி 22)

மன்னிக்கவும் அக்கா. நீங்கள் சொன்னபடியே பஃபேயில் தினமும் சோறும் ஒரு சைவக் கறியும் இருந்தது. பருப்பு நல்ல ருசி, உறைப்பு மட்டும் வெள்ளைக்காரக் கணக்கு. ஆனால் அம்மா எனக்குத் தெரியாமல் ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருந்தா. ஸ்கார்பரோக் கடையில் வாங்கிய, சீல் உடைக்காத போத்தல், அதனால் ஏறும்போது ஒன்றும் சொல்லவில்லை. (வீட்டில் செய்ததைக் கொண்டுபோகாதீர்கள், எடுத்து வைத்துவிடுவார்கள். சுடுதண்ணிக் கேத்தில், ரைஸ் குக்கரும் கூடாது.)

இரவுச் சாப்பாட்டு மேசையில் அதை எடுத்து வைத்தபோது எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பரிமாறிய பெடியன் கேரளாக்காரன், ஏறி ஏழு மாதமாம். ஒன்றும் பேசாமல் ஒரு சின்னக் கிண்ணமும் கரண்டியும் கொண்டுவந்து வைத்தான். அடுத்த நாள் நாங்கள் போய் இருந்ததும் முதல் கேள்வி: "அம்மே, அச்சார் கொண்டு வந்நோ?"

வெள்ளிக்கிழமை இறங்கும்போது போத்தல் எங்களிடம் இல்லை.

மௌனவாசகி (பெப்ரவரி 22)

எந்தக் கடை ஊறுகாய் அண்ணா? விசா வந்துவிட்டது, ஏப்ரலில் போகிறோம்.